சபாஹ்: லெபனான் மலைக் குரல், எகிப்துத் திரை நாயகி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த சபாஹ்?

லெபனானில் பிறந்து, எகிப்து சினிமாவில் பெயர் வாங்கி, அரபு உலகம் முழுக்கப் பாடித் திரிந்த பாடகி, நடிகை. இயற்பெயர் ஜானெத் ஃபகாலி. 1927 நவம்பர் 10 அன்று பெய்ரூத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் பதாதூன் என்ற சிற்றூரில், ஒரு மாரோனியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். 2014 நவம்பர் 26 அன்று, 87 வயதில் காலமானார். இடையில் கிட்டத்தட்ட எழுபது வருடம் மேடையிலோ திரையிலோ தொலைக்காட்சியிலோ அவர் இல்லாத காலமே கிடையாது.

ரசிகர்கள் அவரை ‘சப்பூஹா’ என்று செல்லமாக அழைப்பார்கள். இன்னொரு பட்டம் ‘ஷஹ்ரூரா’. பாடும் பறவை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஊர்ப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெயரே வாதி ஷஹ்ரூர். அதே குடும்பத்தில் அவருக்கு முந்தைய தலைமுறையில் அஸ்அத் ஃபகாலி என்ற நாட்டுப்புறக் கவிஞர் இருந்தார். அவரை ‘ஷஹ்ரூர் அல்-வாதி’, அதாவது பள்ளத்தாக்கின் பாடும் பறவை என்று லெபனான் கொண்டாடியது. ஆக, பட்டமும் பாட்டும் வீட்டிலேயே இருந்தன.

லெபனான்காரருக்கு எகிப்துப் படங்களில் என்ன வேலை?

அந்தக் காலத்தில் அரபு மொழியில் சினிமா என்றாலே கெய்ரோதான். 1935-இல் ஸ்டூடியோ மிஸ்ர் தொடங்கியதிலிருந்து அங்கே வருடத்துக்கு வருடம் படங்கள் பெருகின. பாக்தாத், டமாஸ்கஸ், பெய்ரூத், துனிஸ் என்று எங்கே கொட்டகை இருந்தாலும் ஓடியவை எகிப்துப் படங்கள். பெரிய வானொலி நிலையம், இசைத்தட்டுக் கம்பெனிகள், பேர்பெற்ற இசையமைப்பாளர்கள் எல்லாமே கெய்ரோவில். குரல் இருக்கிறவர்கள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

சபாஹுக்கு முன்பே பலர் போயிருந்தார்கள். சிரியாவின் துரூஸ் மலைக் குடும்பத்திலிருந்து ஃபரீத் அல்-அத்ரஷும் அவர் தங்கை அஸ்மஹானும் போனார்கள். லெபனானிலிருந்து நூர் அல்-ஹுதா 1940-களின் தொடக்கத்திலேயே கெய்ரோவில் கதாநாயகி ஆகிவிட்டார். சபாஹைத் திரைக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் ஆசியா தாகரும் லெபனானிலிருந்து 1920-களில் எகிப்துக்குப் போனவர்தான். நடிகையாக ஆரம்பித்துச் சொந்தப் படக் கம்பெனி நடத்தியவர். 1963-இல் யூசுஃப் ஷாஹீன் இயக்கிய ‘சலாஹுத்தீன்’ என்ற பிரம்மாண்டமான சரித்திரப் படத்தைத் தயாரித்தவரும் இவரே. ஒரு பெண் முதலாளி இன்னொரு பெண்ணைக் கண்டெடுத்து அறிமுகம் செய்தார் என்பது அந்தக் கால சினிமாவில் சாதாரண விஷயம் இல்லை. சபாஹைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் போகிற போக்கில் ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

முதல் படம் எது?

1945-இல் வந்த ‘அல்-கல்ப் லஹு வாஹித்’. இதயத்துக்கு ஒரே ஒருவர் என்று பொருள். இயக்கம் ஹென்றி பரகாத், கதாநாயகன் அன்வர் வக்தி. அப்போது சபாஹுக்கு 18 வயதுகூட ஆகவில்லை. படம் தொடங்கும் முன் எகிப்திய இசைமுறையில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு ரியாத் அல்-சுன்பாதியிடம் போனது. எகிப்தின் பெரும் பாடகி உம்மு குல்தூமின் மிகக் கனமான பாடல்களுக்கு இசையமைத்தவர் அவர். மலையூரிலிருந்து வந்த பெண்ணுக்கு முதல் வாத்தியாரே அவ்வளவு பெரிய ஆள்.

சபாஹ் என்ற திரைப்பெயரும் இந்தச் சமயத்தில்தான் வந்தது. காலை என்று அர்த்தம். ஜானெத் என்ற பிரெஞ்சுப் பெயர் அரபு சுவரொட்டிக்கு எடுபடாது என்று நினைத்திருப்பார்கள்.

அவர் குரலில் அப்படி என்ன விசேஷம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சபாஹ் பற்றிய பேச்சு பெரும்பாலும் கல்யாணங்கள், கவுன்கள், தங்க நிறக் கூந்தல் என்றே சுற்றுகிறது. குரலுக்கு யாரும் வருவதில்லை.

லெபனான் மலைக் கிராமங்களில் ‘ஸஜல்’ என்றொரு மரபு உண்டு. பேச்சுவழக்கு அரபியில் அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் கவிதை. இரண்டு கவிஞர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சீண்டிப் பாடுவார்கள். மேசையில் ‘அரக்’ என்ற மதுவும் சிற்றுண்டித் தட்டுகளும் இருக்கும். கூடவே தஃப் என்ற கைப்பறை ஒலிக்கும். கடைசி அடியைக் கூட்டம் வாங்கித் திருப்பிப் பாடும். சபாஹின் குடும்பத்துக் கவிஞர் பேர் வாங்கியது இந்தக் கலையில்தான். 2014 நவம்பரில், சபாஹ் இறந்த அதே வாரத்தில் கூடிய யுனெஸ்கோ குழு லெபனானின் ஸஜலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

இதன் பக்கத்தில் அதாபா, மிஜானா என்ற பாட்டு வகைகளும் ‘மவ்வால்’ என்பதும் உண்டு. மவ்வால் தாளக்கட்டில் அடங்காமல் பாடகர் தன் விருப்பப்படி இழுத்து, வளைத்து, நிறுத்திப் பாடுவது. நம் கச்சேரியில் விருத்தம் பாடிவிட்டு மெல்ல உருப்படிக்குள் நுழைவதைப் போல, மவ்வால் முடிந்ததும் தாளம் சேர்ந்து பாட்டு பிடித்துக்கொள்ளும். லெபனான் மவ்வால் ‘ஓஃப்’ என்ற நீண்ட கூவலோடு ஆரம்பிக்கும். மலையில் ஒரு சரிவில் நிற்கிறவர் எதிர்ச்சரிவில் இருக்கிறவரைக் கூப்பிடும் கணக்கில் தொண்டை திறக்கும்.

சபாஹின் பலம் இங்கேதான். அந்த ‘ஓஃப்’பை அவர் ஒரே மூச்சில் வெகு நேரம் பிடிப்பார். ஒலிபெருக்கியே தேவையில்லை என்று தோன்றும். கூட்டம் கைதட்டத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தட்டினாலும் அவர் இன்னும் அதே சுரத்தில் நிற்பார். முகத்தில் சிரமம் தெரியாது, சிரித்துக்கொண்டே பிடிப்பார். எகிப்தில் நாடகத்தனமான சோகக் குரல்களுக்குப் பஞ்சமில்லை. வெயில் அடிக்கிற மாதிரி இப்படி ஒரு திறந்த குரல் அங்கே புதிது. அதுதான் அவரை அங்கே நிலைநிறுத்தியது என்பது என் கட்சி.

அப்படியானால் எகிப்திய இசை அவருக்கு ஒத்து வந்ததா?

நன்றாகவே வந்தது. முகமது அப்துல் வஹாப், ஃபரீத் அல்-அத்ரஷ், பலீக் ஹம்தி, கமால் அல்-தவீல், முகமது அல்-மூஜி என்று அந்தக் காலத்து முன்னணி இசையமைப்பாளர்கள் பலரும் அவருக்குப் பாட்டுப் போட்டார்கள். குறிப்பாக பலீக் ஹம்தி. ‘ஸைய் அல்-அஸல்’ (தேன் மாதிரி) என்ற பாட்டைக் கேட்டால் தெரியும். எகிப்திய நாட்டுப்புறத் துள்ளல், அதன் மேல் லெபனான் தொண்டை. இரண்டும் சண்டை போடாமல் ஒன்றாக நடக்கின்றன.

எகிப்திய வழக்கிலும் பாடுவார், லெபனான் வழக்கிலும் பாடுவார். கெய்ரோவில் இருந்தால் கெய்ரோக்காரி, பெய்ரூத் வந்தால் ஊர்ப்பெண். இரண்டு ஊரும் அவரைத் தன்னுடையவராகவே எண்ணின. லெபனான் குடியுரிமையோடு எகிப்துக் குடியுரிமையும் அவருக்கு இருந்தது.

நடிகையாக எப்படி? பாட்டுக்காக மட்டும் படத்தில் போட்டார்களா?

ஆரம்பத்தில் அப்படித்தான். 1940-களின் எகிப்திய இசைப்படங்களில் கதை என்பது பாட்டுகளைக் கோக்கும் நூல் மட்டுமே. 1948-இல் ஃபரீத் அல்-அத்ரஷோடு நடித்த ‘புல்புல் எஃபெந்தி’ அந்த ரகம்: கலகலப்பு, ஆள்மாறாட்டம், பாட்டு, முடிவில் சுபம்.

1950-களின் கடைசியில்தான் நிலைமை மாறுகிறது. 1958-இல் ‘ஷாரிஅ அல்-ஹுப்’ (காதல் வீதி). எகிப்தியப் பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம், ஜோடி சபாஹ். இயக்கம் இஸ்ஸுத்தீன் ஸுல்ஃபிகார். ஏழைத் தெருவின் வாத்தியக்காரர்கள் சேர்ந்து ஒரு பையனைப் பாடகனாக ஆளாக்கும் கதை. அரபுத் தொலைக்காட்சிகளில் இன்றும் சுற்றிச் சுற்றி வருகிற படம்.

அடுத்த வருடம் அதே இயக்குநரின் ‘அல்-ரஜுல் அல்-ஸானி’ (இரண்டாவது மனிதன்). கடத்தல் கும்பல், இரவு விடுதி, வேவு பார்க்கும் போலீஸ்காரர் என்று ஓடும் குற்றக்கதை. ருஷ்தி அபாஸா, சலாஹ் ஸுல்ஃபிகார், சாமியா கமால் ஆகியோரோடு சபாஹ். இங்கே அவர் பாடும் பொம்மையாக இல்லை, கதையைச் சுமக்கிறார். ஒரே ஒரு சபாஹ் படம் பார்க்க நேரம் இருந்தால் இதைத்தான் சிபாரிசு செய்வேன். (இந்தப் படத்தின் நடிகர் பட்டியல் பின்னால் கல்யாணக் கேள்வியிலும் வரும், நினைவில் வையுங்கள்.)

1963-இல் ‘அல்-அய்தி அல்-நாயிமா’ (மென்மையான கைகள்). தவ்ஃபீக் அல்-ஹகீமின் நாடகத்தை வைத்து மஹ்மூத் ஸுல்ஃபிகார் இயக்கியது. 1952 புரட்சிக்குப் பிறகு பட்டமும் சொத்தும் போன ஒரு இளவரசர், கைநிறையப் பதக்கங்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்கிறார். வேலை செய்யாத மென்மையான கைகள் அவருடையவை. இளவரசராக அஹ்மத் மஸ்ஹர், கூட சபாஹ், சலாஹ் ஸுல்ஃபிகார், மரியம் ஃபக்ருத்தீன். அதிபர் நாசர் காலத்து ‘உழைப்பே பெருமை’ பிரசாரம் படத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சிரித்து மாளாது. 1964 பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் இந்தப் படம் போனது.

பெரிய நடிகை என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஃபாத்தின் ஹமாமாவோடு வைத்துப் பார்க்கும் நடிப்பு இல்லை அது. ஆனால் கேமரா முன்னால் அவருக்கு இருந்த லகு அபூர்வம். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் நிஜமாகவே சிரிக்கிறார்.

படங்களில் அவருக்கு வேறு யாராவது குரல் கொடுத்தார்களா?

இல்லை. நமக்குப் பழகிய பின்னணிப் பாடகர் ஏற்பாடு அந்தக் கால எகிப்திய இசைப்படங்களில் வழக்கமில்லை. பாடகர்தான் நாயகன், பாடகிதான் நாயகி. அப்துல் ஹலீம், ஃபரீத், ஷாதியா, சபாஹ் எல்லாரும் தங்கள் குரலிலேயே பாடி நடித்தவர்கள். திரையில் பார்த்த முகத்தைக் கச்சேரியில் பார்க்கலாம், கேட்கலாம். படமும் கச்சேரியும் ஒன்றையொன்று வளர்த்ததற்கு இதுவே காரணம்.

லெபனான் மேடையில் அவருக்கு என்ன இடம்?

பெக்கா சமவெளியில் பால்பெக் என்ற ஊரில் ரோமானியர் காலத்துக் கோயில்கள் பிரம்மாண்டமாக நிற்கின்றன. 1956 முதல் அங்கே கோடையில் சர்வதேசக் கலைவிழா. மறுவருடமே அதில் லெபனான் நாட்டுப்புற இசைக்கென்று தனி இரவுகள் ஒதுக்கினார்கள். அந்த இரவுகளில்தான் இசையமைப்பாளர்களான ரஹ்பானி சகோதரர்களும் பாடகி ஃபைரூஸும் நவீன லெபனான் இசைநாடகத்தையே உருவாக்கினார்கள்.

1960-இல் ரஹ்பானிகள் ‘மவ்சிம் அல்-இஸ்’ என்ற இசைநாடகத்தைப் போட்டபோது நாயகி ஃபைரூஸ் இல்லை, சபாஹ். எதிரே வதீஃ அல்-சாஃபி. மலைக் குரலுக்கு மலைக் குரல். லெபனான் மவ்வாலின் அரசர் என்றால் அவர்தான். 1965-இல் மறுபடி ரஹ்பானிகளோடு ‘தவாலீப் அல்-ஹவா’. அப்புறம் ரோமியோ லஹூத் என்ற இயக்குநரோடு சேர்ந்து மேடைகள் தொடர்ந்தன. எகிப்தில் படப்பிடிப்பு, லெபனானில் ஒத்திகை என்று இரண்டு நாடுகளுக்கு நடுவே விமானத்திலேயே குடியிருந்தார் என்றால் மிகை இல்லை.

வெளிநாட்டில் பாரிஸின் ஒலிம்பியா, நியூயார்க்கின் கார்னகி ஹால், சிட்னி ஓபரா ஹவுஸ் வரை பாடியிருக்கிறார். கேட்க வந்தவர்களில் புலம்பெயர்ந்த லெபனானியர்கள் அதிகம். அவர்களுக்கு அந்த ‘ஓஃப்’ எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உம்மு குல்தூம், ஃபைரூஸ், சபாஹ்: யார் பெரியவர்?

அரபுக் காப்பிக்கடைகளில் இந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை. என் கணக்கு இப்படி: உம்மு குல்தூம் ஒரே பாட்டை ஒரு மணி நேரம் பாடி சபையைக் கிறங்க வைப்பவர். ஃபைரூஸ் மேடையில் சிலை மாதிரி நிற்பார், அசைய மாட்டார், சிரிக்கவும் மாட்டார். குரல் மட்டும் எங்கோ போகும். சினிமாவில் மூன்றே படம் நடித்தார். சபாஹ் மேடையைச் சுற்றி வருவார், முன்வரிசைக்காரரைக் கிண்டல் செய்வார், பாட்டுக்கு நடுவே ஜோக் அடிப்பார், தப்கே என்ற நாட்டுப்புறக் குழு நடனம் ஆடுகிறவர்களோடு கைகோப்பார்.

இதனாலேயே விமர்சகர்கள் அவரை ஒருபடி கீழே வைத்தார்கள். சோகத்துக்குக் கிடைக்கும் மரியாதை சந்தோஷத்துக்குக் கிடைப்பதில்லை. குரல் வலிமை என்று மட்டும் எடுத்தால் சபாஹ் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

அரசியல் பாட்டு பாடினாரா?

பாடினார், காலத்தோடு சேர்ந்து. 1958-இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இணைந்தன. 1961-இல் பிரிந்தும் விட்டன. அந்த இணைப்பு உற்சாகத்தில் வந்த பாட்டு ‘மினல் மூஸ்கி லி சூக் அல்-ஹமீதியா’. மூஸ்கி கெய்ரோவின் கடைத்தெரு, ஹமீதியா டமாஸ்கஸின் கடைத்தெரு. அங்கிருந்து இங்கே போக எனக்குத் தனியாகவே வழி தெரியும் என்று பாடுகிறாள் ஒருத்தி. கொடி, ராணுவம், முழக்கம் எதுவும் இல்லை. இரண்டு நாட்டு இணைப்பை ஒரு பெண் கடைக்குப் போகிற விஷயமாக்கிவிட்டார்கள். அரசியல் பாட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

1960-இல் அப்துல் வஹாப் இசையமைத்த ‘அல்-வதன் அல்-அக்பர்’ என்ற பெரிய கூட்டுப்பாட்டிலும் அவர் குரல் உண்டு. அப்துல் ஹலீம், ஷாதியா, நஜாத், வர்தா ஆகியோரோடு ஆளுக்கொரு சரணம். அது முழக்கப் பாட்டேதான்.

மூவாயிரம் பாட்டு, 98 படம் என்கிறார்களே, நிஜமா?

பத்திரிகை அஞ்சலிகள் எல்லாவற்றிலும் இந்த எண்கள்தான்: மூவாயிரத்துக்கும் மேல் பாட்டு, 98 படம், இருபதுக்கும் மேல் மேடை நாடகம். உருண்டை எண்களை நான் அப்படியே விழுங்குவதில்லை. ஆனால் 1940-களில் தொடங்கி நிற்காமல் வேலை செய்தவர். பாதியாகக் குறைத்தாலும் மலைக்க வைக்கும் கணக்குதான்.

எத்தனை கல்யாணம்?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள், சரி. ஏறத்தாழ ஒன்பது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. முதல் கணவர் லெபனானைச் சேர்ந்த நஜீப் ஷம்மாஸ். எகிப்திய வயலின் கலைஞர் அன்வர் மன்சியோடு நடந்த திருமணத்தில் பிறந்த மகள் ஹுவைதாவும் பிற்பாடு நடிகையானார். பின்னர் தொலைக்காட்சி அறிவிப்பாளர் அஹ்மத் ஃபர்ராஜ், லெபனான் அரசியல்வாதி ஜோ ஹம்மூத், நாடக ஆசிரியர் வஸீம் தப்பாரா என்று பட்டியல் நீள்கிறது. கடைசியாக, அவரைவிட வயதில் மிகவும் இளையவரான ஃபாதி லுப்னான். இருப்பதிலேயே நீண்ட நாள் நிலைத்தது இதுதான்.

பத்திரிகைகள் அதிகம் மென்றது 1967-இல் நடிகர் ருஷ்தி அபாஸாவோடு நடந்த மிகக் குறுகிய திருமணத்தை. அப்போது அவர் நடனக்காரி சாமியா கமாலின் கணவர். மேலே சொன்ன ‘இரண்டாவது மனிதன்’ படத்தில் மூவருமே நடித்திருக்கிறார்கள். இப்போது பார்த்தால் கதையைவிட அந்த முகங்களைப் பார்க்கவே தோன்றும்.

ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெபனானில் எல்லோருக்கும் பொதுவான சிவில் திருமணச் சட்டம் கிடையாது. கல்யாணமும் மணவிலக்கும் அவரவர் மதப்பிரிவின் நீதிமன்றத்தில்தான். மாரோனியப் பெண் ஒருத்தி மணமுறிவு பெறுவதே அங்கே பெரும்பாடு. மதம் கடந்து, நாடு கடந்து, ஊரறியக் கல்யாணம் செய்து ஊரறியப் பிரிந்தவர் சபாஹ். எதையும் மறைக்கவில்லை. பேட்டிகளில் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதே காலத்து நாயகர்களின் கல்யாணங்களை யாராவது இப்படி விரல்விட்டு எண்ணினார்களா?

அந்த உடைகள்?

பளபளப்பு, இறகு, மணிவேலை, மேகம்போல் உயர்த்திய பொன்னிறக் கூந்தல். லெபனான் வடிவமைப்பாளர் வில்லியம் கூரி பல வருடங்கள் அவருக்கு உடை தைத்தவர். கேலி செய்தவர்கள் உண்டு. இன்று பெய்ரூத் ஆடை வடிவமைப்பாளர்கள் உலகச் சிவப்புக் கம்பளங்களுக்கு உடை அனுப்புகிறார்கள். சபாஹ் அதைத் தன் ஊர் மேடைகளில் முன்கூட்டியே செய்துவிட்டார்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் என்ன செய்தார்?

1975-இல் தொடங்கிய போர் 1990 வரை நீடித்தது. பால்பெக் விழா நின்றது, 1997-இல்தான் திரும்பியது. பெய்ரூத் கிழக்கு மேற்கு என்று பிளந்தது. சபாஹ் தொடர்ந்து பாடினார், வெளிநாடுகளிலும் உள்ளேயும்.

எகிப்தில் அவருடைய பிற்காலத்து முக்கியமான பாட்டு இந்தச் சமயத்தில் வந்தது. 1980-இல் வெளியான ‘லைலா பகா ஃபீஹா அல்-கமர்’ (நிலா அழுத இரவு) படத்தின் ‘சாஆத் சாஆத்’. வரிகள் அப்துல் ரஹ்மான் அல்-அப்னூதி, இசை ஜமால் சலாமா. சில நேரம் வாழ்க்கையின் மேல் காதல் பொங்குகிறது, சில நேரம் தனியாக விடப்பட்ட மாதிரி இருக்கிறது என்பதுதான் பாட்டின் சாரம். ஐம்பதைத் தாண்டிய சபாஹ் பாடும்போது துள்ளல் இல்லை, நீட்டிக் காட்டும் சாகசமும் இல்லை. ‘சபாஹ் மேலோட்டமானவர்’ என்று சொல்கிறவர்களிடம் நான் போட்டுக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

வயதான பிறகும் வீடியோவில் வந்தாரே?

ஆமாம். 2000-களில் லெபனான் பாப் பாடகி ரோலா சஅத் சபாஹின் பழைய ‘யானா யானா’வைப் புதுத் தாளத்தில் பாடினார். வீடியோவில் சபாஹே வந்து சேர்ந்து பாடினார். எண்பதை நெருங்கும் வயதில், ஜொலிக்கும் உடையில். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு சபாஹ் அறிமுகமானதே அந்த வீடியோவில்தான்.

2011 ரமலானில் அவர் வாழ்க்கையைத் தழுவிய ‘அல்-ஷஹ்ரூரா’ தொலைக்காட்சித் தொடர் வந்தது. சபாஹாக நடித்தவர் பாடகி கரோல் சமாஹா. அரபு நாடுகளில் நோன்பு திறந்த பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. அந்த இடம் எல்லாருக்கும் கிடைக்காது. தன் கதை தொடராக ஓடுவதை உயிரோடு இருந்தே பார்த்தார்.

கடைசி வருடங்களில் பெய்ரூத் அருகே ஹாஸ்மியாவில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். அவர் இறந்துவிட்டதாக வதந்திகள் திரும்பத் திரும்பக் கிளம்பின. வயதை வைத்து நகைச்சுவைத் துணுக்குகளும் ஏராளம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இறுதிச் சடங்கில் நடனம் ஆடினார்களாமே?

ஆடினார்கள். 2014 நவம்பர் 30 அன்று மத்திய பெய்ரூத்தின் புனித ஜார்ஜ் மாரோனியப் பேராலயத்தில் சடங்கு. அழ வேண்டாம், தப்கே ஆடுங்கள் என்று சபாஹ் சொல்லி வைத்திருந்ததாகக் குடும்பத்தார் தெரிவித்திருந்தார்கள். பேராலயத்துக்கு வெளியே வெள்ளுடை நடனக் குழுக்கள் ஆடின, அவர் பாட்டுகள் ஒலித்தன, கூட்டம் கைதட்டியது. லெபனான் கொடி போர்த்திய பெட்டி பிறகு பதாதூனுக்குப் போனது. மறுவருடம் பெய்ரூத்தின் ஹம்ரா தெருவில் யஸான் ஹல்வானி என்ற ஓவியர் ஒரு கட்டடச் சுவர் முழுக்க அவர் முகத்தை வரைந்தார்.

இன்றைய அரபு பாப் பாடகிகளுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

பாதை அவர் போட்டதுதான். லெபனானில் பிறந்து, எகிப்திய வழக்கில் பாடி, கெய்ரோவில் சந்தை பிடித்து, படத்திலும் நடிப்பது என்ற தடத்தில் இன்றும் போகிறார்கள். ஹைஃபா வஹ்பி நல்ல உதாரணம்: லெபனான் பாப் நட்சத்திரம், 2009-இல் காலித் யூசுஃப் இயக்கிய ‘துக்கான் ஷஹாதா’வில் நடித்தார். 2014-இல் அவருடைய ‘ஹலாவத் ரூஹ்’ படத்தை எகிப்துப் பிரதமரே தலையிட்டுத் திரையரங்குகளிலிருந்து எடுக்கச் சொன்னார். லெபனானிலிருந்து வரும் பெண்ணைக் கெய்ரோ விரும்பும், அதே சமயம் கண்டிக்கவும் செய்யும். சபாஹ் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மாறியது தொழிலின் அமைப்பு. சபாஹுக்குப் படமும் வானொலியும் மேடையும். 1990-களில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்த பிறகு பாட்டு என்றாலே வீடியோ. பணமும் கெய்ரோவிலிருந்து வளைகுடாவுக்கு நகர்ந்தது. சவூதி முதலீட்டில் வளர்ந்த ரோத்தானா போன்ற கம்பெனிகள் கைக்குப் போனது. மூன்று நிமிட வீடியோவில் ஒரு முழு மவ்வாலுக்கு இடம் ஏது?

புதிதாகக் கேட்க எங்கே தொடங்கலாம்?

முதலில் ‘ஸைய் அல்-அஸல்’. பிடித்தால் ‘யானா யானா’ பழைய பதிவு. அதற்கப்புறம் ‘அலோ பெய்ரூத்’: டெலிபோன் ஆபரேட்டரிடம் பெய்ரூத்துக்கு லைன் கேட்டு அவசரப்படுத்தும் பாட்டு. ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு உடனே புரியும். ‘அல்-தைஆ’ கிராமத்தைப் பற்றியது, அப்துல் வஹாப் இசை. ‘சாஆத் சாஆத்’தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி நேரமாக இருந்தால் நல்லது.

மவ்வால் கேட்க வேண்டுமானால் ஸ்டூடியோ பதிவு வேண்டாம். கூட்டத்தின் சத்தம் சேர்ந்த நேரடி மேடைப் பதிவாகப் பாருங்கள். மொழி தெரியவில்லை என்ற கவலையே வேண்டாம், ‘ஓஃப்’புக்கு அகராதி கிடையாது.

இணையத்தில் தேடினால் மலேசியாதான் வருகிறது, என்ன செய்வது?

போர்னியோவில் சபா மாநிலம் இருக்கிறதே, ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். பெயரோடு ‘ஷஹ்ரூரா’ அல்லது ‘ஃபகாலி’ என்று சேர்த்துத் தேடுங்கள். பாட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் சுலபம். மென்மையான கைகள், காதல் வீதி இரண்டும் யூடியூபில் அரபுப் பெயரில் தேடினால் கிடைக்கக்கூடிய படங்கள். வசன மொழிபெயர்ப்பு எல்லாப் பிரதிகளிலும் இருக்காது, பார்த்து எடுங்கள்.